நாற்காலி காலியாக இருந்த மூன்று நாட்கள்

2017 நவம்பர் 29 ஒரு புதன்கிழமை. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலை கிராம சுகாதார செவிலியர்கள் மீதமான தடுப்பூசிகளோடு திரும்பி வந்து, கணக்கு ஒப்படைத்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு வீடு திரும்பினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. கார்த்திகையில் குமரி மாவட்டத்தில் மழை பெய்வது யாருக்கும் செய்தியல்ல என்பதால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடிவதற்குள் ஒக்கிப் புயல் வந்துவிட்டது.

அப்போது நான் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு நிலையத்தில் மருத்துவ அலுவலர். சாலையெங்கும் ரப்பர் மரங்கள் முறிந்து கிடந்தன, தென்னைகள் மின்கம்பிகளையும் இழுத்துக்கொண்டு சாய்ந்திருந்தன, கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஓடு விழுந்து மண்டை உடைந்தவர்கள், கூரையை இழுத்துக் கட்ட ஏறி வழுக்கி விழுந்தவர்கள், அடுத்த நாளிலிருந்து மரம் அறுக்கும் இயந்திரத்தில் கை கொடுத்தவர்கள் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கைப்பேசி வெளிச்சத்தில் தையல் போட்டேன். இரண்டு பிரசவம் பார்த்தோம். மூன்று இரவுகள் நிலையத்திலேயே பெஞ்சில் படுத்தேன். ஊரார் சோறு கொண்டுவந்து தந்தார்கள். பிறகு வெகுநாள் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். எனக்கும் அந்தப் பெருமை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிராம சுகாதார செவிலியர் சேறு படிந்த செருப்போடு உள்ளே வந்தார். அவர் பணிக்காலம் அப்போதே இருபது ஆண்டைத் தாண்டியிருந்தது. பதிவேட்டிலிருந்து அடுத்த இரண்டு வாரத்துக்குள் பிரசவ தேதி உள்ள பெண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மரம் விழுந்த பாதைகளில் நடந்தே ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு, தேவைப்பட்ட இருவரை உறவினர் வீட்டுக்கு மாற்றிவிட்டு வந்திருந்தார். அதைச் சொல்லி முடித்த பிறகு, மிகச் சாதாரணமாக ஒன்று கேட்டார்: "மேடம், தடுப்பூசி வச்ச பெட்டி என்ன நிலைமையில இருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. ஜெனரேட்டருக்கு இருந்த டீசலைப் பிரசவ அறைக்கே செலவழித்திருந்தோம். இரண்டாம் இரவே அது தீர்ந்துவிட்டது. அந்தப் பெட்டிக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தொடர்ச்சியாக மின்சாரம் கிடைத்தால் போதும், உள்ளிருக்கும் பனிக்கட்டிச் சுவர் மீதி நேரத்தைப் பார்த்துக்கொள்ளும். டீசலைப் பங்கிட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். வெப்பநிலைப் பதிவேட்டில் வியாழன் முதல் ஒரு வரிகூட இல்லை. ஊராட்சித் தொட்டியில் வாடகை ஜெனரேட்டரை வைத்துத் தண்ணீர் ஏற்றியவர்கள் குளோரின் கலந்தார்களா என்று விசாரித்தால், ப்ளீச்சிங் பவுடர் இருந்த அறையின் மேல் மரம் கிடப்பதாகப் பதில் வந்தது. சர்க்கரை நோயாளிகள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி நின்றதும் இன்சுலின் கெட்டுவிட்டதென்று ஊசி போடுவதையே நிறுத்தியிருந்தார்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் குப்பி வெயில் படாத இடத்தில் அறை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும் என்ற ஒரு வரியை யாராவது அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த யாராவது நான்தான்.

பெரிய விபரீதம் எதுவும் நிகழவில்லை. அதற்கு எங்கள் திறமை காரணமல்ல. தடுப்பூசிகளை அழித்தோம், அறிக்கை எழுதினோம். ஆனால் அன்றிலிருந்து ஒரு வாக்கியம் என்னோடு ஒட்டிக்கொண்டது: அந்த மூன்று நாட்களும் அந்த நிலையத்தில் ஒரு மருத்துவர் இருந்தார், மருத்துவ அலுவலர் இல்லை. பதவிப் பெயரின் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு நான் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதிக்குரிய நாற்காலி காலியாக இருந்தது.

பதினைந்து ஆண்டு பணி முடித்த மருத்துவர்களையும் சுகாதார ஆய்வாளர்களையும் செவிலியர்களையும் பேரிடர்க்காலத் தலைமைக்குப் பயிற்றுவிக்கும் வேலையில் சில ஆண்டுகளாக எனக்கும் ஒரு சிறு பங்கு இருக்கிறது. அதைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டபோது, இந்தத் தடுப்பூசிப் பெட்டியிலிருந்து தொடங்குவதுதான் நேர்மை என்று தோன்றியது.

நானும் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் இப்படியொரு பயிற்சிக்குப் போனேன். உலகில் இந்த வகைப் பயிற்சிகளுக்கு ஒரு பொது மூதாதை உண்டு. கொரியப் போர் நடந்த காலத்தில், உயிரியல் ஆயுதத் தாக்குதல் வந்தால் கண்டுபிடிக்க ஆள் வேண்டும் என்ற அச்சத்தைத் துணையாகக் கொண்டு, அலெக்சாண்டர் லாங்மூர் 1951இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் தொற்றுநோய்ப் புலனாய்வுப் பணியைத் தொடங்கினார். அதன் சின்னத்தில் இருப்பது ஒரு காலணியின் அடிப்பாகம், நடுவில் தேய்ந்து ஓட்டை விழுந்தது. அந்தச் சேறு படிந்த செருப்பை நான் முன்பே பார்த்திருந்ததால், வகுப்பில் இந்தச் சின்னத்தைக் காட்டியபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1980இல் தாய்லாந்து இதே முறையைத் தன் நாட்டுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டது. இந்தியாவில் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001இல் களத் தொற்றுநோயியல் பயிற்சியைத் தொடங்கியது. டெல்லியில் தேசிய நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2012இல் இந்தியாவுக்கான புலனாய்வுப் பணியைத் தொடங்கியது. இப்போது உலகெங்கும் இது மூன்று படிகளாக நடக்கிறது. முன்களப் பணியாளர்களுக்கு ஏறத்தாழ மூன்று மாதம், இடைநிலைக்கு ஓராண்டுக்குள், மேல்நிலைக்கு இரண்டு ஆண்டு. எந்தப் படியானாலும் வகுப்பறை காலளவு, களம் முக்காலளவு என்பதுதான் வழக்கமான கணக்கு.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பழைய பலமும் உண்டு. 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. சிகிச்சைக்கென ஓர் இயக்ககமும் நோய்த்தடுப்புக்கெனத் தனியே ஓர் இயக்ககமும் இருக்கின்றன. பொதுச் சுகாதாரப் பட்டயம் பெற்றவர்களே மாவட்டத்தில் அந்தப் பொறுப்புக்கு வருகிறார்கள். பல மாநிலங்களுக்கு இது வாய்க்கவில்லை. ஆகவே நம்மவர்களுக்கு விஷயம் தெரியாது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஒக்கியின்போது எனக்கும் குளிர்பதனப் பெட்டியைப் பற்றித் தெரியாமல் இல்லை. எட்டு மணி நேரக் கணக்கைப் பயிற்சித் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான் நான். எனக்குத் தெரிந்ததை அந்த நேரத்தில் முடிவாக மாற்றும் பழக்கம்தான் இல்லை. ஒரு மருத்துவரின் கை, எதிரே ரத்தம் வழிய ஒருவர் நிற்கும்போது, தானாகவே அவரை நோக்கிப் போகும். எம்.பி.பி.எஸ். முதல் நாளிலிருந்து அதற்காகத்தான் அந்தக் கையைப் பழக்கியிருக்கிறார்கள். அதை ஒரு மணி நேரம் பின்னுக்கு இழுத்துவைத்து, இங்கே வராத நோயாளி யார், வரமுடியாத நோயாளி யார், நாளைக்கு நோயாளியாகப் போகிறவர் யார் என்று கேட்கப் பழகுவது நாற்பது வயதில் எளிதல்ல.

சில மாதங்களுக்கு முன் நாகர்கோவிலில் ஓர் அரங்கில், கற்பனைப் பேரிடரைத் துண்டுச்சீட்டுகளாகக் கொடுத்து முடிவெடுக்கச் சொல்லும் மேசைப் பயிற்சி ஒன்றை நடத்தினோம். 24 பேர்: வட்டார மருத்துவ அலுவலர்கள், சுகாதார ஆய்வாளர்கள், பகுதி சுகாதார செவிலியர்கள், ஆய்வக நுட்பர்கள், இரண்டு கால்நடை மருத்துவர்கள். 2021 நவம்பரில் மாவட்டத்தை மூழ்கடித்த வெள்ளத்தை நினைவில் வைத்துச் சூழ்நிலையை எழுதியிருந்தோம். ஆறு கரைபுரண்ட மூன்றாம் நாள். குழித்துறை ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு பள்ளியில் முகாம், குடிக்க அங்குள்ள தொட்டித் தண்ணீர். பத்து மணிக்கு முதல் துண்டுச்சீட்டு: முகாமில் 11 பேருக்கு வயிற்றுப்போக்கு. பத்தேகாலுக்கு இரண்டாவது: அவர்களில் ஆறு வயதுக் குழந்தை ஒன்று துவண்டு கிடக்கிறது. பத்தரைக்கு மூன்றாவது: சமைத்தவர்தான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவி, சமையற்காரரைச் சிலர் சூழ்ந்துகொண்டார்கள். அதன்பின் நான்காவது: ஆய்வக முடிவு நாளை மாலைதான் வரும்.

முதல் குழுவின் தலைவர் அனுபவமிக்க ஒரு வட்டார மருத்துவ அலுவலர். இரண்டாவது சீட்டு வந்ததும் அவர் முகம் மலர்ந்தது என்றே சொல்ல வேண்டும். தெரிந்த ஊருக்குள் வந்துவிட்ட முகம் அது. கடுமையான நீரிழப்புக்கு நரம்பில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் திரவம் உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லி, அதில் 30 மில்லியை முதல் அரை மணியில், மீதி 70ஐ அடுத்த இரண்டரை மணியில் என்று பிசகாமல் சொன்னார். குழந்தையை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது, எந்த வழி திறந்திருக்கிறது என்பதையும் சொன்னார். எல்லாம் சரி. கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது. ஓரத்திலிருந்த ஒரு பகுதி சுகாதார செவிலியர் கையை உயர்த்தாமலே, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், அந்தத் தொட்டித் தண்ணியை அங்க இன்னும் குடிச்சிட்டுதான் இருக்காங்க."

அரங்கு அமைதியானது. மேற்பார்வையாளராக ஓரத்தில் நின்றிருந்த எனக்கு முதுகு சில்லிட்டது, ஏனென்றால் தலைவரின் நாற்காலியில் நான் என்னையேதான் பார்த்தேன்.

தண்ணீரை நிறுத்த ஆய்வக முடிவு தேவையில்லை. தொட்டியின் குழாயை மூடிவிட்டு, லாரித் தண்ணீரைக் கேட்டு, வந்த தண்ணீரில் 1000 லிட்டருக்கு நல்ல ப்ளீச்சிங் பவுடர் ஏறத்தாழ 2.5 கிராம் என்ற கணக்கில் கலந்து, அரை மணி பொறுத்து, குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் நிறம் பார்ப்பது எந்தச் சுகாதார ஆய்வாளருக்கும் தூக்கத்தில் வரும் வேலை. தண்ணீர் காரணமில்லை என்று நாளைக்குத் தெரியவந்தால் ஒரு லாரி வாடகை நஷ்டம். தண்ணீர்தான் காரணம் என்றால் இன்று தவறிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு வரும். இந்த இரண்டு நஷ்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பாதித் தகவலோடு முடிவெடுக்கத் துணிவதைத்தான் பயிற்சி கற்றுத்தர வேண்டும் என்பது என் கட்சி. நாம் பெரும்பாலும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கற்றுத்தருகிறோம்.

ப்ளீச்சிங் பவுடர் என்றதும் இன்னொரு நினைவு வருகிறது. 2004 சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, பயிற்சி மருத்துவராக ஒரு குழுவோடு குளச்சல், கொட்டில்பாடு பக்கம் போயிருந்தேன். கரையை ஒட்டி ஓடும் ஏ.வி.எம். கால்வாயைத் தாண்ட முடியாமல் அதிலேயே மூழ்கிப் போனவர்களை ஊர்க்காரர்கள் இன்னும் தேடிக்கொண்டிருந்த நேரம். மண்ணெல்லாம் வெள்ளை வெளேரென்று பவுடர் தூவியிருந்தது. பிணங்களால் கொள்ளைநோய் பரவும் என்று எல்லோரும் நம்பினோம். பேரிடரில் காயத்தாலும் நீரில் மூழ்கியும் இறந்தவர்களின் உடல்கள் பொதுவாகத் தொற்றுநோயைக் கிளப்புவதில்லை, உயிரோடிருப்பவர்கள் நெருக்கியடித்துத் தங்கும் முகாமும் அங்கு குடிக்கும் தண்ணீரும்தான் கவனிக்க வேண்டியவை என்பதை உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அந்த நம்பிக்கையால், தம் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் ஒரே குழியில் அடக்கம் செய்ய நேர்ந்தது எத்தனை பேருக்கு! பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லும்போது கடற்கரை ஊர்களைச் சேர்ந்த பணியாளர்கள் யாராவது ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்புவார். நான் ஏன் என்று கேட்பதில்லை.

மேசைப் பயிற்சிக்குத் திரும்புகிறேன். இரண்டாம் சுற்றில் பொறுப்புகளை மாற்றினோம். ஒரு சுகாதார ஆய்வாளர் தலைவர். அவருடைய சொந்த வட்டார மருத்துவ அலுவலர் அவருக்குக் கீழே பொருள் வழங்கலைப் பார்ப்பவர். இது விளையாட்டுக்குச் செய்ததல்ல. 1970களில் கலிபோர்னியாவில் காட்டுத்தீயை அணைக்க வந்த பல துறையினர் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் குழம்பியதிலிருந்து பிறந்த சம்பவ மேலாண்மை முறையில், தலைமை, களச் செயல்பாடு, திட்டமிடல், பொருள் வழங்கல், நிதி என்று வேலைகள்தான் நாற்காலியைத் தீர்மானிக்கும், சம்பளப் பட்டியல் அல்ல. ஒருவருக்குக் கீழே நேரடியாக மூன்று முதல் ஏழு பேர்தான் இருக்கலாம். அதற்கு மேல் போனால் எவராலும் பேச்சைக் கேட்டு முடிக்க முடியாது. இதெல்லாம் பலகையில் எழுதினால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வாளர் தம் அதிகாரியிடம் "டாக்டர், நீங்க லாரிக்குச் சொல்ல முடியுமா, சிரமம் இல்லேன்னா?" என்று கேட்டபோது அரங்கே சிரித்துவிட்டது. மூன்றாம் முறை கேட்கும்போது "சிரமம் இல்லேன்னா" உதிர்ந்துவிட்டது. அந்த இரண்டு வார்த்தைகள் உதிர்வதற்குத்தான் ஒரு நாள் முழுக்கச் செலவிட்டோம் என்று சொன்னால் மிகையில்லை.

மருத்துவர்கள் ஆய்வாளரிடமிருந்து உத்தரவு வாங்கப் பழகுவது ஒரு பக்கம். மறுபக்கம், நம் அமைப்பில் சுகாதாரத் துறை அலுவலர் எவரும் மாவட்டப் பேரிடரின் முதல் நாற்காலியில் உட்காரப் போவதில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். வெளிநாட்டுப் பயிற்சி ஏடுகள் தலைவருக்கு எழுதப்பட்டவை. நாம் தயார்செய்வதோ இரண்டாம் நாற்காலியில் இருந்துகொண்டு வழிநடத்த வேண்டியவரை. அவருக்குக் கீழே ஆணையிட ஆட்கள் குறைவு. கேட்டு வாங்க வேண்டிய ஆட்கள் அதிகம். தொட்டிக்குக் குடிநீர் வடிகால் வாரியம், வெளிச்சத்துக்கு மின்வாரியம், முகாமுக்கு வருவாய்த்துறை, படகுக்கு மீன்வளத்துறை. கடற்கரையிலோ, நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை, ஊருக்கு ஒரு செய்தி போய்ச் சேர வேண்டுமென்றால் பங்குத்தந்தையின் ஒலிபெருக்கிக்கு ஈடாக எந்தச் செயலியும் இல்லை. ஒக்கியில் காணாமற்போன மீனவர்களுக்காகத் தூத்தூர் பக்கத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் காத்திருந்தபோது, அந்த வீடுகளுக்குள் மனநலப் பணியாளர்கள் காலெடுத்து வைக்க முடிந்ததே ஊரார் நம்பியவர்கள் கூட வந்ததால்தான். இந்த உறவுகளை வகுப்பில் உண்டாக்க முடியாது. பணிக்காலத்தின் நடுக்கட்டத்தில் இருப்பவர்களை நான் தேடிப் பிடிப்பதற்கான காரணமும் இதுவே: இருபத்தைந்து வயது மருத்துவரிடம் அறிவு இருக்கும், ஆனால் நள்ளிரவில் எழுப்பினால் எரிச்சல்படாமல் பேசக்கூடிய மின்வாரிய உதவிப் பொறியாளரின் எண் இருக்காது.

குமரிக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் முற்றினால் வீட்டார் பலர் திருவனந்தபுரத்துக்குத்தான் கொண்டுபோவார்கள். களியக்காவிளையைத் தாண்டினால் நோயாளி வேறு மாநிலத்தவர் ஆகிவிடுகிறார். கொசு அவர் வீட்டிலேயே இருக்கிறது. 2021 ஜூலையில் கேரளத்தில் முதன்முதலாக, கொசுவால் பரவும் ஜிகா வைரஸ் உறுதியானது எல்லைக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் உள்ள பாறசாலைப் பகுதியில்தான். 2018இல் கோழிக்கோட்டில் நிபா தெரியவந்தபோது, ஒரே குடும்பத்தில் இரண்டாமவரும் அதேபோல நோயுற்றதை ஒரு தனியார் மருத்துவமனையின் மருத்துவர்கள் கவனித்து, இது வழக்கமான மூளைக்காய்ச்சல் அல்ல என்று சந்தேகப்பட்டு மாதிரியை அனுப்பியதால்தான் அது அந்த அளவிலாவது விரைவில் வெளிப்பட்டது. இப்படியான சந்தேகம் எல்லையின் அந்தப் பக்கம் எழுந்து, அந்த நோயாளியின் வீடு இந்தப் பக்கம் இருந்தால், செய்தி எந்த வழியாக நமக்கு வரும்? முறைப்படி மாவட்டத்திலிருந்து தலைநகருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு தலைநகருக்கு வந்து, அதன்பின் நாகர்கோவிலுக்கு இறங்கும். நோய் வெளிப்பட்டதை ஏழு நாளுக்குள் கண்டறிதல், ஒரு நாளுக்குள் தெரிவித்தல், அடுத்த ஏழு நாளுக்குள் ஆரம்ப நடவடிக்கைகளை முடித்தல் என்று 2021இல் முன்வைக்கப்பட்ட 7-1-7 இலக்கை எங்கள் பயிற்சியாளர்களிடம் கொடுத்து, எல்லை தாண்டிய ஒரு நோயாளியைக் கற்பனை செய்து கணக்கிடச் சொன்னோம். நடுவிலுள்ள அந்த ஒரு நாள் எந்தக் குழுவுக்கும் போதவில்லை. தேசிய அளவிலான இணையப் பதிவு முறை வந்த பிறகு தாமதம் குறைந்திருக்கிறது, உண்மை. இருந்தாலும் பதிவு ஏறும் முன்பே ஒரு தொலைபேசி அழைப்பு வந்துவிடும் என்பது எனக்குக் கிடைத்த அனுபவம். அந்த அழைப்பைச் செய்ய அங்கே ஒருவருக்கு நம் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

பயிற்சியின் முக்காலளவு களம் என்றேனே, அந்தக் களவேலையை ஒவ்வொருவரும் தம் சொந்த வட்டாரத்திலேயே செய்ய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஓர் ஆய்வாளர் தம் பகுதியின் டெங்கு நோயாளர் பட்டியலை எடுத்து, வரைபடத்தில் புள்ளி வைத்தார். புள்ளிகள் வீடுகள் நெருங்கிய சந்தைப் பக்கம் விழும் என்று எதிர்பார்த்தோம்; கணிசமானவை ரப்பர் தோட்டங்களின் ஓரத்தில் விழுந்தன. மழையில் பால்வெட்டு நின்றுபோகும் நாட்களில் ரப்பர் பால் பிடிக்க மரத்தில் மாட்டிய சிரட்டைகளில் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு வளர்வது மலையாளக் கரையிலும் நம் பக்கத்திலும் பழைய செய்திதான். ஆனால் அவர் பதினெட்டு ஆண்டுகளாக வீடு வீடாகச் சிமெண்டுத் தொட்டியை மட்டுமே பார்த்துவந்தவர். "இவ்வளவு நாளா நான் தப்பான இடத்துல தேடியிருக்கேன்" என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். மழை நின்றதும் சிரட்டைகளைக் கவிழ்த்துவைக்கத் தோட்டக்காரர்களிடம் பேசியதும் அவரேதான். வெளியூர்ப் பேராசிரியர் சொல்லியிருந்தால் அதே தோட்டக்காரர்கள் தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

இப்படி ஒருவர் தம் தவற்றைத் தாமே சொல்வது நம் அலுவலகங்களில் எத்தனை அபூர்வம் என்பதை அரசுப் பணியில் இருப்பவர்கள் அறிவார்கள். எந்தப் பேரிடர்ப் பயிற்சியிலும் நிகழ்வுக்குப் பிந்தைய மீளாய்வு ஒரு முக்கியப் பாடம்: என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை எதை மாற்றுவோம். நான்கே கேள்விகள். ஆனால் மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் சொன்னால், அந்தத் தாளே நாளைக்கு மெமோவாகத் திரும்பி வருமோ, கடும் தண்டனைக்கான 17(பி) ஒழுங்கு நடவடிக்கை வரை போகுமோ என்ற அச்சம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அதனால் நம் மீளாய்வுகள் "அனைத்து நடவடிக்கைகளும் துரிதமாக மேற்கொள்ளப்பட்டன" என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன. அந்த வாக்கியத்தை ஒக்கிக்குப் பிறகு நானும் எழுதியிருக்கிறேன். தடுப்பூசிகள் வீணானதற்கு "மின்தடை" என்று காரணம் காட்டினேன். டீசலைப் பங்கிடாதது என்று எழுதவில்லை.

இதற்கு எங்களால் முடிந்த வழி ஒன்றைக் கண்டோம். ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் ஒரு சாதாரண நோட்டு கொடுக்கிறோம். மூன்றே பத்திகள்: நேரம், எடுத்த முடிவு, அப்போது என்ன தெரிந்திருந்தது. அந்த மூன்றாவது பத்திதான் உயிர். பிற்பாடு வெளிவந்த உண்மையை வைத்து ஒருவரின் முடிவை எடைபோடுவது எல்லோருக்கும் எளிது. அந்தக் கணத்தில் அவர் கையில் இருந்ததை வைத்து எடைபோட இந்தப் பத்தி தேவை. விசாரணை என்று வந்தாலும் எழுதாமல் விட்டவரைவிட எழுதியவருக்கே பாதுகாப்பு என்று ஓய்வுபெற்ற ஒரு மூத்த அலுவலர் வகுப்பில் விளக்கியபோதுதான் பலர் பேனாவைத் திறந்தார்கள். மீளாய்வில் பெயர்களைத் தவிர்த்து நாற்காலிகளை மட்டும் குறிப்பிடுகிறோம். பொருள் வழங்கல் நாற்காலி லாரியை இருபது நிமிடம் தாமதமாகக் கேட்டது என்று சொன்னால் எவருக்கும் முகம் சிவப்பதில்லை.

மக்களிடம் பேசுவதற்கும் இதே பாணிதான். தெரிந்தது இது, தெரியாதது இது, அடுத்து இத்தனை மணிக்குச் சொல்கிறோம். "தெரியாது" என்ற சொல்லை ஒலிபெருக்கி முன் சொல்லவைக்க மருத்துவர்களிடம் நான் படும் பாடு தனிக்கதை. சமையற்காரரைச் சூழ்ந்த கூட்டத்தைப் பற்றிய சீட்டுக்கு முதல் குழு கொடுத்த பதில் "வதந்திகளை நம்ப வேண்டாம்" என்பது. அதைச் சொல்லிக் கலைந்த கூட்டத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

நடைமுறைச் சிரமங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பதுகளில் இருப்பவருக்குப் பிளஸ் டூ எழுதும் பிள்ளையும் படுக்கையில் பெற்றோரும் இருப்பார்கள். இரண்டு ஆண்டு வெளியூர்ப் படிப்பு அவர்களில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நடக்காத காரியம். போகிறவரின் இடத்தைப் பக்கத்து நிலையத்தவர் கூடுதல் பொறுப்பாகச் சுமக்கிறார். அவர் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. பயிற்சி முடித்து வந்தவரை ஆறே மாதத்தில் தொடர்பில்லாத இடத்துக்கு மாற்றிவிடுவதும் நடக்கிறது. அதனால்தான் மாதத்துக்கு மூன்று நாள் வகுப்பு, மீதி நாளெல்லாம் சொந்த ஊரில் களவேலை என்ற அமைப்பை நாங்கள் விரும்புகிறோம். மருத்துவர் மாறிப் போனாலும் அதே வட்டாரத்தில் ஒரு ஆய்வாளரும் ஒரு செவிலியரும் அதே பயிற்சி பெற்றிருந்தால் நாற்காலி காலியாகாது. ஆகவே ஒரு வட்டாரத்திலிருந்து மூவராகச் சேர்ந்து வந்தால்தான் இடம் என்று கறாராக இருக்கிறோம்.

ஒக்கியின்போது தாளில் பெயர் குறித்து நடந்தாரே அந்தச் செவிலியர், அவர் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு எங்கள் பயிற்சிக்கு வந்திருந்தார். கற்க அல்ல, கற்றுத்தர. மேடையில் ஏற மறுத்துவிட்டார். பதிவேட்டிலிருந்து அவசரத்துக்குப் பெயர்களைப் பிரித்தெடுக்கும் விதத்தைக் கீழே நாற்காலிகளுக்கு நடுவில் நின்றே காட்டினார். முதலில் பிரசவம், அடுத்து தனியாக வாழும் முதியோர், பிறகு தினமும் ஊசியோ டயாலிசிஸோ தேவைப்படுபவர்கள். எப்படி இது தோன்றியது என்று ஒரு இளம் மருத்துவர் கேட்டதற்கு, "யார் நம்மகிட்ட வர முடியாதுன்னு யோசிச்சேன், அவ்வளவுதான்" என்றார். ஒவ்வொரு செப்டம்பரிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன், எங்கள் மூவர் குழுக்கள் அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கின்றன.

என் பங்குக்கு நான் வைத்திருப்பது எல்லைக்கு அப்பாலுள்ளவர்களின் தொலைபேசிப் பட்டியல். மாதத்தின் முதல் திங்களன்று ஒவ்வொரு எண்ணாக அழைத்துப் பார்ப்பேன். போன மாதம் இரண்டு பேர் மாறுதலாகிப் போயிருந்தார்கள். ஒருவருடைய இடத்துக்கு வந்தவர் பேசினார். பாதி மலையாளம், பாதி தமிழ். இன்னொரு எண் இன்னும் எடுக்கப்படவில்லை.